போகிப் புகையும் காமா கதிரும்: தொலைதூர காலக்ஸிகளின் ஒளியை வைத்துப் புதிய இயற்பியலைச் சோதிப்பது எப்படி?

சென்னையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் காலக்ஸிகளிலிருந்து வரும் காமா கதிர்களை வைத்து ஆக்சியான், குவாண்டம் ஈர்ப்பு போன்றவற்றைச் சோதிக்கலாம் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். ஒரு ஒளித்துகள் வந்து சேர்ந்தது என்பதை வைத்து எப்படி இவ்வளவு பெரிய முடிவுக்கு வர முடியும்? இதுவரை ஏதாவது கிடைத்திருக்கிறதா? இங்கிருந்து நான் என்ன செய்யலாம்?"

நல்ல கேள்வி. முப்பது வருடம் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், எனக்கு மிகவும் பிடித்த இந்த விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

போகியன்று விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நின்று மெரினா கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் புகை, போதாததற்குப் பனி. விளக்கு தெரியக் கூடாத அளவுக்குப் புகை இருக்கிறது என்று நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் விளக்கு தெரிகிறது. ஏன்? நீங்கள் நினைத்த அளவு புகை இல்லாமல் இருக்கலாம். விளக்கு நீங்கள் நினைத்ததைவிடப் பிரகாசமானதாக இருக்கலாம். இரண்டும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான், ஒளி புகையை ஏமாற்றிவிட்டு வேறு ஏதோ வழியில் வந்திருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கலாம். இந்தத் துறையின் மொத்த வாதமும் இந்த மூன்று சாத்தியங்களுக்குள்தான் நடக்கிறது. புதிய இயற்பியல் மூன்றாவது சாத்தியம். அதை அடைய வேண்டுமென்றால் முதல் இரண்டையும் சரியாக அளந்து முடித்திருக்க வேண்டும்.

முதலில் விளக்கு. சில காலக்ஸிகளின் நடுவில் சூரியனைப்போலப் பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பீறிடும் தாரை நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அந்தக் காலக்ஸியைப் பிளேசார் என்கிறோம். அதன் ஒளித்துகள்கள் சிலவற்றின் ஆற்றல் ஒரு லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டையும் தாண்டும். அதுதான் 1 டிஇவி. கண்ணால் பார்க்கும் ஒளியின் துகளுக்கு இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட்தான். இந்த ஆற்றலில் முதன்முதலில் பிடிபட்ட வெளிக்காலக்ஸி மார்க்கேரியன் 421. அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த விப்பிள் தொலைநோக்கி 1992இல் அதைப் பிடித்தது. சுமார் 40 கோடி ஒளியாண்டு தூரம். வானத்தில் அது இருக்கும் இடம் சப்தரிஷி மண்டலத்தின் எல்லைக்குள். ஏப்ரல், மே மாதங்களில் முன்னிரவில் மொட்டைமாடிக்குப் போய் வடக்கே பார்த்தால் சென்னையின் வெளிச்சத்திலும் சப்தரிஷி தெரியும். மார்க்கேரியன் 421 கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் எந்தத் திசையைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி புகை. இதுவரை பிறந்த எல்லா விண்மீன்களும் உமிழ்ந்த ஒளி பிரபஞ்சம் முழுவதும் மெலிதாகப் பரவிக் கிடக்கிறது. தூசு அதில் ஒரு பகுதியை விழுங்கி அகச்சிவப்பாகத் திருப்பி வெளியிட்டிருக்கிறது. இந்தப் பின்னணி ஒளிதான் காமா கதிருக்குப் புகை. இரண்டு ஒளித்துகள்கள் மோதினால், ஆற்றல் போதுமானதாக இருந்தால், இரண்டும் மறைந்து ஒரு எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும். பிரைட், வீலர் இருவரும் 1934இல் கணக்கிட்டுச் சொன்னது இது. இரண்டு ஆற்றல்களின் பெருக்கற்பலன், நேருக்கு நேர் மோதும்போதுகூட, எலக்ட்ரானின் நிறை ஆற்றலான 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட்டின் வர்க்கத்தையாவது எட்ட வேண்டும். நீங்களே போட்டுப் பாருங்கள்: 1 டிஇவி கதிருக்கு எதிரே வருவது 0.26 எலக்ட்ரான் வோல்ட் துகளாக இருந்தாலே போதும். மோதல் மிக எளிதாக நடப்பது சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட்டில், அதாவது 1.2 மைக்ரான் அலைநீளத்தில். 10 டிஇவி கதிரை விழுங்குவது 12 மைக்ரான் அகச்சிவப்பு. ஆக, எந்த ஆற்றலில் காமா கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எந்த நிறத்தில் பின்னணி ஒளி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டும் சாதாரண ஒளிதான், ஆனால் ஒன்று மற்றொன்றை விழுங்குகிறது. இதை முதன்முதலில் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

பின்னணி ஒளியை நேரடியாக அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அது கடினம். சூரியக் குடும்பத்துக்குள் மிதக்கும் தூசு சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. தெருவிளக்குக்கு அடியில் நின்றுகொண்டு தூரத்து அகல் விளக்கை அளப்பது மாதிரி. அதனால்தான் புளூட்டோவையும் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் கேமராவைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள். 2022இல் வந்த அதன் அளவீட்டில், காலக்ஸிகளை எண்ணிக் கூட்டினால் வருவதைவிட அதிக ஒளி இருப்பதாகத் தெரிந்தது. உடனே, இன்னும் யாரும் கண்டிராத, கோட்பாட்டில் மட்டும் இருக்கும் ஆக்சியான் என்ற துகள் சிதைந்து வரும் ஒளியோ என்ற யோசனைகள் கிளம்பின. 2024இல் இன்னும் கவனமாக, நம் பால்வீதித் தூசின் பங்கைச் சரியாகக் கழித்து அளந்தபோது உபரி காணாமல் போயிற்று. காலக்ஸிகளின் கணக்கோடு பொருந்திவிட்டது.

காமா கதிர் வழியாக வந்த விடையும் அதேதான். நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2006இலேயே இரண்டு பிளேசார்களை வைத்து, பின்னணி ஒளி பலர் நினைத்ததைவிடக் குறைவு, பிரபஞ்சம் நினைத்ததைவிடத் தெளிவானது என்று காட்டின. பிறகு காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலம் 739 பிளேசார்களையும் ஒரு காமா வெடிப்பையும் (தொலைதூரத்தில் திடீரென்று பீறிட்டுச் சீக்கிரம் மங்கும் காமா கதிர்ப் பிரகாசம்) சேர்த்து ஆராய்ந்து, 2018இல் பிரபஞ்சத்தின் விண்மீன் பிறப்பு வரலாற்றையே வரைந்து கொடுத்தது. இதுவரை விண்மீன்கள் வெளியிட்ட மொத்த ஒளித்துகள்கள் 4க்குப் பின்னால் 84 பூஜ்யங்கள் என்றார்கள். புதிய இயற்பியல் எதுவும் இல்லாமலேயே இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். மறைந்துபோன ஒளியை எண்ணியே, பிறந்து மடிந்த விண்மீன்களுக்குக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

சரி, மூன்றாவது சாத்தியத்துக்கு வருவோம்.

ஆக்சியான் என்ற யோசனை 1977இல் பெச்சி, குவின் இருவரின் வேலையிலிருந்து வந்தது. அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலு விசையில் எதிர்பார்க்கும் ஒரு சமச்சீர் மீறல் ஏன் காணப்படவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன தீர்வில் ஒரு புதிய துகள் ஒளிந்திருப்பதை அடுத்த ஆண்டே வெய்ன்பெர்க்கும் வில்செக்கும் கவனித்தார்கள். அதைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் நிறை இன்னும் குறைவான துகள்கள் வேறு சில கோட்பாடுகளிலும் வருகின்றன. ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் இவைதானோ என்பது பெரிய கவர்ச்சி. நமக்கு வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: காந்தப்புலத்துக்குள் ஒளித்துகள் ஆக்சியானாகவும், ஆக்சியான் ஒளித்துகளாகவும் மாறலாம்.

சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து தரமணிக்குக் காரில் போனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாது. திருமயிலை நிலையத்தில் ஏறிப் பறக்கும் ரயிலில் போனால் கீழே நடக்கும் நெரிசல் நம்மைத் தொடாது. தரமணியில் இறங்கி மறுபடி தெருவுக்கு வந்துவிடலாம். காமா கதிரும் அப்படிச் செய்யலாம் என்பதுதான் யோசனை. பிளேசாரின் தாரையில் உள்ள காந்தப்புலத்திலோ, அது குடியிருக்கும் காலக்ஸிக் கூட்டத்தின் காந்தப்புலத்திலோ ஆக்சியானாக மாறிவிட்டால், பின்னணி ஒளி அதை ஒன்றும் செய்யாது. கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி நம் பால்வீதியின் காந்தப்புலத்துக்குள் வந்ததும் திரும்ப ஒளித்துகளாகலாம். அப்படி நடந்தால் வரக் கூடாத ஆற்றலில் கொஞ்சம் கதிர்கள் வந்து நிற்கும். அது மட்டுமில்லை. மாற்றம் தொடங்கும் ஆற்றலுக்குப் பக்கத்தில் நிறமாலை வழவழப்பாக இல்லாமல் சிற்றலைகளோடு இருக்கும்.

என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது அடையாளம்தான் நம்பத் தகுந்தது. கதிர்கள் அதிகமாக வந்தன என்பதற்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம். பிளேசாரிலிருந்து புரோட்டான்களும் கிளம்பி வழியில் புதிய காமா கதிர்களை உண்டாக்கியிருக்கலாம் என்று ஒரு நல்ல விளக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சிற்றலைக்கு அப்படிச் சமாதானம் சொல்வது கடினம். பெர்சியஸ் கூட்டத்தின் நடுவில் உள்ள என்ஜிசி 1275 காலக்ஸியில் ஃபெர்மி குழு இதைத் தேடியது. 2016இல் வெளியான முடிவில் சிற்றலை எதுவும் இல்லை. அதனால் ஒரு நானோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று முன்னும் பின்னுமான நிறையில், ஒளியோடு ஓரளவுக்கு மேல் பிணைந்த ஆக்சியான்கள் இருக்க முடியாது என்று அந்தப் பகுதியை அடைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் காந்தப்புலத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லை கொஞ்சம் நகரும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2023இல் தொடங்கிய ஆல்ப்ஸ் 2 சோதனை இதையே தரையில் செய்து பார்க்கிறது: வலுவான காந்தங்களுக்குள் லேசர் ஒளியை அனுப்பி, நடுவில் சுவர் வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஒளி வருகிறதா என்று காத்திருக்கிறது. அங்கே காந்தப்புலம் நம் கையில். வானத்தில் அது நம் கையில் இல்லை, ஆனால் அங்கே கிடைக்கும் தூரத்தை எந்தச் சோதனைக்கூடமும் தர முடியாது.

அந்தத் தூரத்தின் அருமை தெரிய வேண்டுமென்றால், ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்க முயலும் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடுகளின் சோதனையைப் பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் எல்லா ஒளியும் ஒரே வேகத்தில் போகும் என்கிறது சார்பியல். ஆனால் வெளியும் காலமும் மிக நுண்ணிய அளவில் சீராக இல்லாவிட்டால், அதிக ஆற்றலுள்ள ஒளித்துகள் இம்மியளவு பின்தங்கலாம். எவ்வளவு? ஒளித்துகளின் ஆற்றலைப் பிளாங்க் ஆற்றலால், அதாவது குவாண்டம் ஈர்ப்பு தலைகாட்டும் என்று எதிர்பார்க்கும் மாபெரும் ஆற்றலால், வகுத்தால் வரும் பங்கு அளவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1 டிஇவி துகளுக்கு அது சுமார் 120 கோடி கோடியில் ஒரு பங்கு. எந்தக் கடிகாரமும் இதைப் பிடிக்காது என்றுதான் தோன்றும். ஆனால் மார்க்கேரியன் 501 என்ற பிளேசார் சுமார் 45 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 45 கோடி ஆண்டு என்பது 140 கோடி கோடி நொடி. பெருக்கிப் பாருங்கள், தாமதம் ஒரு நொடிக்குச் சற்று மேல். ஒரு நொடியைக் கைக்கடிகாரமே அளந்துவிடும்! பிளாங்க் ஆற்றலை எட்டும் முடுக்கியைக் கட்ட நமக்கு வழியே கிடையாது. இந்தத் தூரம் அந்த வேலையை நமக்குச் செய்து கொடுக்கிறது.

2005 ஜூலையில் லா பால்மா தீவில் உள்ள மேஜிக் தொலைநோக்கி மார்க்கேரியன் 501இல் ஒரு வேகமான வெடிப்பைப் பார்த்தது. 1 டிஇவிக்கு மேற்பட்ட கதிர்களின் உச்சம், குறைந்த ஆற்றல் கதிர்களின் உச்சத்துக்குச் சுமார் நான்கு நிமிடம் கழித்து வந்தது. ஒரு நொடி எதிர்பார்த்த இடத்தில் நான்கு நிமிடம்! துறை முழுவதும் பரபரப்பு. ஆனால் துகள்களை அந்த ஆற்றலுக்கு முடுக்குவதற்குப் பிளேசாருக்கே நேரம் பிடித்திருக்கலாம் அல்லவா? தாமதம் மூலத்தில் ஏற்பட்டதா, வழியில் ஏற்பட்டதா? இதைப் பிரிக்க ஒரே வழி தூரத்தை மாற்றிப் பார்ப்பது. வழியில் ஏற்படும் தாமதம் தூரத்தோடு வளரும். மூலத்தில் ஏற்படுவது வளராது.

2006 ஜூலை 28 அதிகாலையில் ஹெஸ் அந்த வாய்ப்பைப் பெற்றது. பிகேஎஸ் 2155-304 என்ற, மூன்று மடங்குக்கு மேல் தொலைவில் உள்ள பிளேசார், சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்கும் அளவுக்குத் துடித்தது. ஆயிரக்கணக்கான கதிர்கள் பதிவாகின. ஆற்றலுக்கு ஏற்ற தாமதம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் 2009 மே 10 அன்று ஒரு குறுகிய காமா வெடிப்பு. 730 கோடி ஆண்டு பயணித்து வந்த அந்த ஒளியில் 31 ஜிஇவி (1 டிஇவி என்பது 1000 ஜிஇவி) துகள் ஒன்று, வெடிப்பு தொடங்கி 0.83 நொடிக்குள் ஃபெர்மிக்கு வந்து சேர்ந்தது. அந்த 0.83 நொடி முழுவதையும் வெளியின் மேல் பழியாகப் போட்டாலும், ஒளியின் வேகத்தை மாற்றும் ஆற்றல் அளவு பிளாங்க் ஆற்றலைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று வந்தது. ஒரே ஒரு ஒளித்துகள், நேரத்துக்கு வந்து சேர்ந்தது என்ற ஒரே காரணத்தால், ஒரு வகைக் கோட்பாடுகளையே மூலைக்குத் தள்ளிவிட்டது. "ஒரு ஒளித்துகள் வந்ததை வைத்து எப்படி" என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சமீபத்திய கதை 2022 அக்டோபர் 9 அன்று வந்த காமா வெடிப்பு. இதுவரை பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமானது. சீனாவின் சிச்சுவான் மலைகளில் 4410 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாசோ கூடம் முதல் 3000 நொடிகளில் 64,000க்கும் அதிகமான காமா கதிர்களைப் பிடித்தது. முதல் அறிவிப்பில் 18 டிஇவி வரை என்றிருந்தது. சுமார் 200 கோடி ஆண்டு பயணித்த ஒளி அது. அந்தத் தூரத்திலிருந்து 18 டிஇவி கதிர் வந்து சேர்வதற்குப் பின்னணி ஒளி மிக மிகக் குறைந்த வாய்ப்பையே தரும். சில வாரங்களுக்குள் ஆக்சியான், ஒளிவேக மாற்றம் என்று கட்டுரைகள் குவிந்தன. ஒளிவேகம் ஆற்றலுக்கேற்பக் குறைந்தால், எலக்ட்ரான் இணை பிறக்கத் தேவையான ஆற்றலும் உயர்ந்து, பிரபஞ்சம் இன்னும் தெளிவாகிவிடும் என்பதால் இரண்டு தரப்புக்கும் இது தீனி போட்டது. 2023இல் லாசோ குழு முழுமையான ஆய்வை வெளியிட்டது. உச்ச ஆற்றல் சுமார் 13 டிஇவி என்று இறங்கிவிட்டது. பின்னணி ஒளியின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலே பொருந்துகிறது, புதிய துகள் கட்டாயமில்லை. அதே தரவை வைத்து 2024இல் ஒளிவேகச் சோதனையின் எல்லையைப் பிளாங்க் ஆற்றலைப்போலப் பத்து மடங்குக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக, "ஏதாவது கிடைத்ததா" என்றால், புதிய துகளோ, சார்பியல் மீறலோ கிடைக்கவில்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். எங்கே இல்லை என்று அளந்து சொல்வது அளவீடுதான். முதல் அறிவிப்பின் பரபரப்பைப் பார்த்து வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை எல்லையை முதலில் பாருங்கள், தலைப்பை அப்புறம் படியுங்கள்.

இங்கிருந்து என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இந்தக் கதிர்கள் தரைக்கு நேராக வருவதில்லை. காற்றில் மோதி எலக்ட்ரான், பாசிட்ரான், ஒளித்துகள் என்று பெருகி ஒரு துகள் மழையாகப் பொழிகின்றன. அந்த மழை சில நானோநொடிகள் நீடிக்கும் நீலச் செரன்கோவ் ஒளியைத் தரும். தொலைநோக்கி பார்ப்பது அதைத்தான். இந்தப் பெருக்கத்தின் கோட்பாட்டை 1937இல் ஹோமி பாபாவும் ஹைட்லரும் எழுதினார்கள். மழைக்கு மழை எண்ணிக்கை எப்படி மாறுபடும் என்ற கணக்கைத் தீர்க்க வழி சொன்னவர்களில் ஒருவர் நம் அல்லாடி ராமகிருஷ்ணன். மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே இயற்பியல் கருத்தரங்கு நடத்தியவர். 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர். அந்த நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. அங்கே நடக்கும் கருத்தரங்குகளுக்கு மாணவர்கள் போய் உட்காரலாமா என்று தயங்க வேண்டாம், எழுதிக் கேளுங்கள்.

கருவியைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால் ஊட்டிக்குப் போங்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ் 3 அங்கே இருக்கிறது. மலைச்சரிவில் வரிசை வரிசையாக உணர்கருவிகள், அந்தத் துகள் மழையில் வரும், எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான மியூவான்களைப் பிடிக்க இரும்புக் குழாய்களால் ஆன அடுக்குகள். 2014 டிசம்பரில் ஊட்டி மேல் வந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான்களை வைத்தே கண்டுபிடித்த கூடம் அது. லடாக்கின் ஹன்லேயில் சுமார் 4300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் முறையாகத் திறக்கப்பட்டது. மார்க்கேரியன் 421 போன்ற பிளேசார்கள் அதன் அன்றாட வேலை. அடுத்த பெரிய படி, லா பால்மாவிலும் சிலியிலும் எழும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை.

இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபெர்மியின் தரவு முழுவதும் பொதுவில் இருக்கிறது. ஹெஸ் குழு 2018இல் ஒரு சிறிய தொகுப்பை வெளியிட்டது. நான் சொன்ன வெடிப்புக்கு இரண்டு இரவு கழித்து, 2006 ஜூலை 29-30 இரவில் பிகேஎஸ் 2155-304 மறுபடி வெடித்ததும் அதில் இருக்கிறது. காமாபை என்ற இலவச மென்பொருளை உங்கள் மடிக்கணினியில் நிறுவுங்கள், பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். அந்த இரவின் கதிர்களை ஆற்றல்வாரியாக இரண்டாகப் பிரியுங்கள், நிமிடத்துக்கு எத்தனை என்று இரண்டு வரைபடம் போடுங்கள், ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்திப் பாருங்கள். எத்தனை நொடி நகர்த்தினால் நன்றாகப் பொருந்துகிறது, அதில் பிழை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முதலில் வரும் பிழை பெரிதாகத்தான் இருக்கும். அதை எப்படிக் குறைப்பது என்று யோசிக்கும்போது அடுத்த கேள்வி உங்களிடமிருந்தே வரும், அதை எனக்கு அனுப்புங்கள்.